இன்னும் பத்தடி

சிரிப்பீர்கள் அண்ணே. நான் கேரண்டி. இந்த பஸ் தேனி போய்ச் சேருவதற்குள் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காவிட்டால் என் பெயர் சர்வேஷ் இல்லை. ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். முதலிலேயே சொல்லிவிட்டால் சப்பென்று போய்விடும். நடுவில் "அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சு" என்று அவசரப்படுத்தக் கூடாது.

கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன். மூன்று சீட் தள்ளி, கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் துண்டு, தெரிகிறதா? எங்கள் அப்பா. மூன்று நாளாக என்னோடு ஒரு வார்த்தை இல்லை. டிக்கெட் எடுக்கும்போதுகூட இரண்டு விரலைத்தான் காட்டினார். தேனியில் சித்தப்பா வீட்டில் விடப் போகிறார். இனிமேல் அங்கேதான் ப்ளஸ் ஒன்னாம். பரவாயில்லை. புது ஊர், புதுக் குரல்கள்.

ஆமாம் அண்ணே, குரல்தான் நம்ம தொழில். "தேனி தேனி தேனி, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க, கையில சில்லறை வச்சுக்கங்க!" பார்த்தீர்களா, முன்னால் அந்த அம்மா பையைத் திறந்துவிட்டார். கண்டக்டர் பின்பக்கம் இருக்கிறார். எனக்கு எந்தக் குரலும் ஒரு தடவை கேட்டால் போதும். எங்கள் பி.டி. சார்: "டேய்! அவன் யார்ரா, பேன்ட்டுக்குள்ள சட்டை இருக்கா, சட்டைக்குள்ள பேன்ட்டு இருக்கா?" ஹெட்மிஸ்ட்ரஸ்: "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, நாய் உள்ள வந்தா யாரும் பிஸ்கெட் போடாதீங்க." நல்லா இருக்கா? இதற்கே சிரிக்காதீர்கள். மிச்சம் வையுங்கள்.

ஊர் பேர் வேண்டாம். காய்கறி மார்க்கெட் இருக்கிற ஊர், அது போதும். சாயங்காலம் ஆனால் கேரளாவுக்கு லோடு லாரிகள் வரிசையாகக் கிளம்பும். தக்காளி, முருங்கை, முட்டைக்கோஸ். எங்கள் பள்ளிக்கூடம் பைபாஸை ஒட்டி இருக்கிறது. மூன்றரைக்கு மணி அடித்தால் வாசலில் ஆட்டோ, கார், டூவீலர், இஞ்சி மிட்டாய் வண்டி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டு நிற்கும். போன வருஷம் ஒரு சின்னப் பிள்ளையின் காலில் கார் டயர் ஏறி எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் ஜூனில் வாசலில் ஒரு கம்பம் நட்டார்கள். மேலே கேமரா, கேமராவுக்குக் கீழே ஒரு கூம்பு ஸ்பீக்கர். ரோட்டில் இந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கோடு, அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கோடு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் எந்த வண்டி நின்றாலும் கம்பம் கூப்பிடும். ரெக்கார்ட் பண்ணிய பொம்பளைக் குரல். "எட்டு. இரண்டு. ஒன்பது. ஐந்து. இது வாகனம் நிறுத்தக் கூடாத பகுதி. வண்டியை உடனே அகற்றவும்." அப்புறமும் நின்றால் போனுக்கு அபராதச் சீட்டு வந்துவிடும்.

ஜனங்களுக்கு முதலில் பயம். அப்புறம் பழக்கம். அதற்குக் "கேமரா அக்கா" என்று பேர் வைத்துவிட்டார்கள். ஸ்கூட்டியில் வரும் ஒரு அம்மா தினமும் மேலே பார்த்து, "ரெண்டே நிமிஷம்க்கா, பாப்பா வந்துட்டா" என்று சொல்வார். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் கம்பத்தோடு சண்டையே போட்டார். "எம் பின்னாடி நிக்கிறானே அந்த வெள்ளைக் காரு, அவன் உன் கண்ணுக்குத் தெரியலையா? அவன் என்ன உனக்குச் சொந்தமா?"

நான் மதில் சுவருக்கு உள்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாட்டுக் கேட்கலாம் என்று போனில் புளூடூத்தைப் போட்டால், என் ஹெட்செட்டுக்குக் கீழே இன்னொரு பேர் வருகிறது. ஏதோ ஒரு ஆம்ப்ளிஃபயர். தொட்டேன். கடவு எண் கேட்டது. நாலு பூஜ்யம் போட்டேன்.

கம்பத்தில் "டிங்" என்று சத்தம்.

அவ்வளவுதான் அண்ணே. அதற்கு மேல் நான் எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கேமரா நிஜம், அபராதம் நிஜம். நடுநடுவே பேசியது மட்டும்தான் நான். போனில் பேசினால் ஸ்பீக்கரில் வருகிற மாதிரி ஒரு ஆப் இருக்கிறது. நான் பேசி அரை நொடி கழித்துத்தான் கம்பம் பேசும். அது ஒன்றுதான் குறை. மற்றபடி அந்த அக்கா குரல் அச்சு. மூக்கைக் கொஞ்சம் இறுக்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டால் போதும்.

முதல் நாள் பாத்திரக்கடைக்காரர். "ஏழு. ஏழு. சுழியம். மூன்று. வெள்ளைக் கார் எனக்குச் சொந்தமில்லை. வண்டியை அகற்றவும்." மனுஷன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு நாலடி ஓடினார் அண்ணே! அப்புறம்தான் வண்டி ஞாபகம் வந்து திரும்பி வந்தார். இல்லை இல்லை, இது அந்தச் சிரிப்பு இல்லை. இது சும்மா.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. அப்புறம் எனக்கு அலுத்துவிட்டது. ஏனென்றால் எல்லாரும் திருப்பித் திட்டினார்கள், இல்லாவிட்டால் சிரித்தார்கள். "கேமராவுக்குக் கொழுப்பு வச்சிருச்சுய்யா" என்றார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சொன்னதைச் செய்தார்.

சவரிமுத்து என்று பேர். சவரி அண்ணன். பழைய ஆம்னி வேன், வண்டி எண் நாலு ஏழு ஒன்று ஆறு. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போவார். பிள்ளைகளைக் "குருவிகளா" என்றுதான் கூப்பிடுவார். அவர் குரல் எப்படி என்றால், ஆள் ஒல்லி, குரல் மட்டும் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி. பிள்ளைகள் டீச்சர் சொன்னால் கேட்காது, அம்மா சொன்னால் கேட்காது. அந்தக் குரல் "ஏ குருவிகளா!" என்றால் மட்டும் வாயில் போட்ட மிட்டாயைக்கூட மெல்லாமல் நிற்கும்.

அந்த ஆளுக்கு ஏற்கனவே இரண்டு நிஜ அபராதம் விழுந்திருந்தது. ஒரு யு.கே.ஜி. பையன், மிதுலன் என்று பேர், ஷூ லேஸைக் கட்டாமல் வருவான். அதைக் கட்டிவிட்டு ஏற்றுவதற்குள் இரண்டு நிமிஷம் தாண்டிவிடும். இரண்டாவது தடவை ஸ்டேஷனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம்: "மூணாவது விழுந்துச்சுன்னா ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்துற பெர்மிட்டு போயிரும், பாத்துக்க." அந்த வேன்தான் அவருக்கு எல்லாம். வேறு தொழில் தெரியாது. வாசலில் இதை வாட்ச்மேனிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும்தான் கேட்டேன்.

அதனால் அவர் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, ஒரு முழம் தள்ளியே நிறுத்துவார். இறங்கிக் குனிந்து டயருக்கும் கோட்டுக்கும் நடுவில் கையை வைத்துப் பார்ப்பார். நீங்களே சொல்லுங்கள், அப்படி ஒருவர் குனிந்து பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

"நான்கு. ஏழு. ஒன்று. ஆறு. இன்னும் பத்தடி."

நிமிர்ந்தார். கம்பத்தைப் பார்த்தார். "சரிங்கம்மா" என்றார். பத்தடி தள்ளி நிறுத்தினார்.

அண்ணே, ஜன்னலைப் பார்க்காதீர்கள். இனிமேல்தான் இருக்கிறது.

மறுநாள் அந்தப் புது இடத்தில் நிறுத்தினார். நான், "இன்னும் பத்தடி." தள்ளி நிறுத்தினார். இரண்டு நாள் விட்டு, "இன்னும் பத்தடி." டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போனார். அப்புறம் பெட்டிக்கடை. அப்புறம் பஞ்சர் கடை. பஞ்சர் கடைக்காரர், "இங்கல்லாமா கேமரா பார்க்கும்? ஏதாச்சும் ரிப்பேரா இருக்கும், போய்க் கேளுய்யா" என்று சொல்ல, சவரி அண்ணன் ஸ்டேஷனுக்கே போய்விட்டார். அன்றைக்கு, பொய் சொல்ல மாட்டேன், மாட்டினோம் என்று நினைத்தேன்.

என்ன நடந்தது தெரியுமா? அங்கே இருந்த ஏட்டுக்குக் கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மானம் போய்விடும் இல்லையா? "சிஸ்டம் அப்டேட் ஆயிருக்கும்யா. அது சொன்னா ஒரு காரணம் இருக்கும். கேமரா சொன்னதக் கேக்காம எங்கிட்ட வந்து நிக்கிற?" இந்தக் குரலை நான் கேட்டதில்லை. சவரி அண்ணன் வாட்ச்மேனிடம் சொன்னதிலிருந்து நானே பண்ணியது. எப்படி? தொப்பை தெரிகிறதா குரலில்?

அன்றிலிருந்து அவர் கேள்வியே கேட்கவில்லை. காலையில் வந்ததும் கம்பத்துக்குக் கீழே நின்று துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். "அம்மா, இன்னைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டுப் போவேன். பதிஞ்சுராதீங்க." நான் சுவருக்கு இந்தப் பக்கம் கையைக் கடித்துக்கொண்டு நிற்பேன். சில நாள் பதில் சொல்வேன். "அனுமதிக்கப்பட்டது." அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் பாஸான மாதிரி.

நல்லதும்தானே செய்தேன் அண்ணே. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகஸ்ட்டில் பஞ்சர் கடையும் தாண்டியாயிற்று, அதற்கு அந்தப் பக்கம் சாக்கடைதான். தள்ளி நிறுத்த இடமில்லை. நான் அவரை விட்டிருக்கலாம். ஆனால் விளையாட்டு என்றால் அடுத்த கட்டம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? "நான்கு. ஏழு. ஒன்று. ஆறு. சாலையின் எதிர்ப்புறம்." எதிர்ப்புறம் என்றால் பைபாஸுக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடக்கிற கல்யாண மண்டபத்து வாசல்.

அன்றைக்கு மட்டும் அவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. "அம்மா, சின்னப் பிள்ளைங்கம்மா. லோடு வண்டி வர்ற நேரம்மா" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. சில நேரம் பேசாமல் இருப்பதுதான் அந்தக் குரலுக்கு இன்னும் பொருத்தம். அவர் போய் வண்டியை எடுத்து அந்தப் பக்கம் விட்டார்.

மறுநாள் ஒரு நைலான் கயிறு வாங்கி வந்தார், துணி காயப்போடுகிற பச்சைக் கயிறு. பத்து முடிச்சுப் போட்டிருந்தார். முதல் முடிச்சு அவர் கையில், மற்ற ஒன்பதும் பிள்ளைகள் கையில். "முடிச்ச விடாத, முன்னாடி பாரு!" என்று சொல்லிக்கொண்டே பாதி ரோட்டைக் கடந்து, நடுவில் இருக்கிற திட்டில் ஏறி நிற்பார். அங்கிருந்து மறுபாதி. லாரிக்காரர்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக்கொண்டே நடப்பார். பிள்ளைகளுக்கு அது ரயில் விளையாட்டு. அதுகளும் சந்தோஷமாகத்தான் இருந்தன, நானே பார்த்தேன். சில அம்மாக்கள் "ஏன்ணே இவ்வளவு தூரம்?" என்று கேட்டதற்கு அவர், "மேலிடத்து உத்தரவும்மா" என்றாராம்.

மேலிடம்! நான் சைக்கிள் ஸ்டாண்டில்!

சரி, இப்போது வருகிறேன். போன வியாழக்கிழமை. அதுவரை இந்த ரகசியம் எனக்கு மட்டும்தான். ஆனால் யாரும் பார்க்காத வேடிக்கை என்ன வேடிக்கை? எங்கள் வகுப்பில் நாலு பேரைக் கூட்டிவந்தேன். "இன்னைக்கு ஒரு ஆளை ஓட வைக்கிறேன் பாருங்கடா" என்றேன். மதில் சுவரில் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் இரண்டு கல் விழுந்து ஒரு சந்து இருக்கிறது. அதில் எல்லாம் தெரியும். வாசல், திட்டு, கல்யாண மண்டபம், வேன்.

மூன்று நாற்பது. முதல் லோடு வண்டிகள் மார்க்கெட்டிலிருந்து கிளம்பிவிட்டன. சவரி அண்ணன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மிதுலனுக்கு லேஸைக் கட்டிவிட்டு, முடிச்சைக் கையில் கொடுத்தார். அவன்தான் எப்போதும் அவருக்கு அடுத்த ஆள். பாதி ரோட்டைத் தாண்டினார்கள். திட்டில் ஏறினார்கள். நான் போனை வாயருகே வைத்தேன்.

"நான்கு. ஏழு. ஒன்று. ஆறு. மூன்றாவது பதிவு. பெர்மிட் ரத்து செய்யப்படுகிறது. பத்து எண்ணுவதற்குள் வண்டியை அகற்றவும்."

அண்ணே, அந்தத் திருப்பம்! அப்படியே உடம்பு முழுக்கத் திரும்பினார். ஒரு கையில் கயிறு, ஒரு கை காற்றில். "அம்மா, நீங்க சொன்ன இடத்துலதானம்மா!" என்று கத்தினார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. எங்கள் பையன்கள் கர்ச்சீப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

"பத்து. ஒன்பது. எட்டு."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். வேனைப் பார்த்தார்.

"ஏழு."

"இங்கயே நில்லுங்க, மாமா இந்தா வந்துர்றேன்" என்று குனிந்து சொல்லிவிட்டு முடிச்சைக் கீழே விட்டார். "ஆறு" என்றபோது ஓடிவிட்டார். செருப்பு ஒன்று திட்டிலேயே கிடந்தது. ஓடி, வேனில் ஏறி, சாவியைத் திருகுகிறார். வண்டி கிர் கிர் என்கிறது, பிடிக்கவில்லை. பழைய வண்டி. நான், "ஐந்து. நான்கு." ஒருவன் என் தோளில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான்.

"மூன்று" சொல்லும்போது பார்த்தேன். மிதுலன் கீழே கிடந்த முதல் முடிச்சைக் குனிந்து எடுத்தான். சவரி மாமா பிடிக்கிற முடிச்சு. அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, அவர் நடக்கிற மாதிரியே இன்னொரு கையை நீட்டிக்கொண்டு, திட்டிலிருந்து ரோட்டில் இறங்கினான். அவனுக்குப் பின்னால் எட்டுப் பேரும் இறங்குகிறார்கள். முடிச்சை விடக் கூடாது, முன்னால் பார்க்க வேண்டும் என்றுதானே சொல்லிக் கொடுத்திருந்தார்.

மார்க்கெட் பக்கமிருந்து ஒரு லாரி. நீலத் தார்ப்பாய் போட்டது. ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தது.

நான் அக்கா குரலில், "குழந்தைகளே, நில்லுங்கள்" என்றேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதுகளுக்கு அந்தக் குரல் வண்டிகளோடு பேசுகிற குரல். தினமும் கேட்டுக் கேட்டுக் காதில் விழுவதே இல்லை. பி.டி. சார் குரலில் கத்தினேன். அவரை அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. லாரி பிரேக் பிடிக்கிறது, லோடு முன்னால் தள்ளுகிறது, நிற்கவில்லை. சவரி அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறார். மிதுலன் இரண்டு எட்டு வைத்துவிட்டான்.

அப்போதுதான் எனக்கு அந்தக் குரல் வந்தது. நான் யோசித்துப் பண்ணவில்லை அண்ணே.

"ஏ குருவிகளா! முடிச்ச விடு! பின்னால போ!"

அரை நொடி கம்பம் பேசவில்லை.

சொன்னேனே, அதுதான் அதில் குறை.

பிறகு பேசியது. தகரக் கொட்டகையில் மழை. ஒன்பதும் ஒரே நேரத்தில் கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்னால் தாவின. லாரி போயிற்று. கயிறு அதன் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டு போயிற்று. திட்டில் தூசி அடங்கியபோது நான் எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது.

இதுதான் அண்ணே. சிரிக்க வேண்டிய இடம் இதுதான். யோசித்துப் பாருங்கள். மனுஷன் வேனில் உட்கார்ந்திருக்கிறார், வாயே திறக்கவில்லை, அவருடைய சொந்தக் குரல் கம்பத்திலிருந்து அவர் பிள்ளைகளை அதட்டுகிறது! நான் திரும்பி, "எப்படிடா?" என்று கேட்டேன். நாலு பேரும் போய்விட்டிருந்தார்கள். ஒருவன் சைக்கிளைக்கூட எடுக்கவில்லை.

சவரி அண்ணன் வேனிலிருந்து இறங்கினார். கையைக் கொண்டுபோய்த் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ரோட்டைக் கடந்து வந்தார், ஒரு காலில் செருப்பில்லாமல். லாரிக்குக் கை காட்டக்கூட இல்லை. திட்டில் ஏறி ஒவ்வொரு தலையாகத் தொட்டார். மிதுலனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகுதான் தலையை நிமிர்த்திக் கம்பத்தைப் பார்த்தார். "அம்மா" என்று கூப்பிடவில்லை.

நான் போனை இன்னும் வாயருகே வைத்திருந்தேன், அண்ணே. அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஓடி வந்தவன் மாதிரி எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அரை நொடி கழித்து அது அத்தனையும் கம்பத்தில் கேட்டது. வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள், ஸ்கூட்டி அம்மா, பாத்திரக்கடைக்காரர், எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அக்கா மூச்சு இல்லை. யாருடைய மூச்சு மாதிரியும் இல்லை.

சவரி அண்ணன் மட்டும் மேலே பார்ப்பதை நிறுத்திவிட்டார். தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். அவர் கண் கம்பத்தை விட்டுக் கீழே இறங்கி, மதில் சுவரைத் தொட்டு, மெதுவாக நகர்ந்து வந்து, கல் விழுந்த சந்தில் நின்றது.